றிஸ்லா போட்ட ஊசி

ஆஸ்பத்திரியில் சேர்த்து இருபது மணித்தியாலத்தில் றிஸ்லா மௌத்தானாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் இருத்தினார். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு தாதி வந்து குழாய்களைக் கழற்றினார். றிஸ்லாவுக்குப் பதினேழு வயது. பார்க்கிறவர்கள் பதின்மூன்று என்றுதான் சொல்வார்கள்.

றிஸ்லாவின் ஜனாஸா வீட்டுக்கு வந்தபோது ஒழுங்கையில் கதிரைகள் போட்டாகிவிட்டது. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். என்ன வருத்தம் என்று கேட்டவர்களுக்கு வாப்பாவின் தம்பி காய்ச்சல் என்றார். மறுபடியும் கேட்டவர்களுக்கு டெங்கு மாதிரி என்றார்.

முஸ்பிறா முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் றிஸ்லாவின் ராத்தா, மூத்தவள். உயிரியலில் பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கிறவள். அடுத்த மாதம் அவளுக்குக் கலியாணம். ஜன்னலுக்கு வெளியே, கை எட்டுகிற தூரத்தில், வாப்பா அச்சிமுகம்மது உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"ஹஸ்ரத், மார்க்கத்துல ஒரு மஸ்அலா கேக்கணும்," என்றார் வாப்பா.

"கேளுங்க."

"ஒராளுக்கு வருத்தம். மருந்து கையில இரிக்கி. எடுத்தா உசிரோட இரிக்கலாம். அந்த ஆள் வேணுமெண்டு எடுக்காம வுட்டு மௌத்தாப் போனா, அது தன்னத்தானே முடிச்சிக்கிட்ட கணக்கா?"

ஹஸ்ரத் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஆரு?" என்று கேட்டார்.

"சும்மா கேட்டன்."

"அல்லாஹ்ட அறிவுல உள்ளத நாம தீர்ப்புச் சொல்ல ஏலா. இப்ப அதையெல்லாம் யோசிக்காதீங்க."

"வேணுமெண்டுதான் எண்டா?"

ஹஸ்ரத் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாப்பாவின் கேள்விக்கான பதில் முஸ்பிறாவிடம் இருந்தது. றிஸ்லா ஊசியை விடவில்லை. ஒரு நேரமும் விடவில்லை. அவளை மண்ணுக்குள் வைக்க முன்னர் இது வாப்பாவுக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஊசி போட்டவள் ஏன் மௌத்தானாள் என்று வாப்பா அடுத்ததாகக் கேட்பார். அதை வாப்பாவிடம் தானே சொல்லுவதாக உம்மா ஆஸ்பத்திரியில் வாக்குக் கொடுத்திருந்தாள். இன்னும் சொல்லவில்லை.

உம்மா உள்ளறையில் றிஸ்லாவின் தலைமாட்டில் இருந்தாள். ஊர்ப் பெண்கள் சுற்றிலும் இருந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். உம்மாவின் உதடும் அசைந்தது. அவள் ஓதுகிறாளா என்று முஸ்பிறாவுக்குத் தெரியவில்லை.

*

றிஸ்லாவுக்குச் சீனி வருத்தம் வந்தது ஒன்பது வயதில். வயதானவர்களுக்கு வருகிற, குளிசையோடு போகிற சீனி இல்லை அது. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. காலையும் மாலையும் ஊசி போட்டால் உயிரோடு இருக்கலாம்.

வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் சொல்லப்படவில்லை. "பொம்புளப் புள்ள," என்று உம்மா அன்றைக்கே சொன்னாள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒருத்திக்குச் சீனி என்றால் ராத்தாவுக்கும் வரும், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று ஊர் பேசும். மருதமுனையிலோ கல்முனையிலோ கிளினிக் போனால் தெரிந்த முகங்கள் இருக்கும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை, பெரியநீலாவணை தாண்டிப் போகிற முதல் பஸ்ஸில் ஏறி மட்டக்களப்புக்குப் போனார்கள். பஸ் தவறிய மாதங்களும், மழையில் போகாத மாதங்களும் இருந்தன. கிளினிக்கில் பெயர் கூப்பிட்டால் றிஸ்லா தனியே உள்ளே போவாள். உம்மா முகத்தை மூடிக்கொண்டு மாமரத்துக்குக் கீழே இருந்த வாங்கில் காத்திருப்பாள்.

லண்டனில் இருக்கிற ஸுஹைறா சாச்சிக்கு மட்டும் தெரியும். அவருடைய மகன் அஸ்பாக்கிற்கும் அதே வருத்தம். றிஸ்லாவை விட ஒரு வயது இளையவன். அவனுடைய மேற்கையில் ஒரு பொத்தான் அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். அவனுடைய சீனி ஏறுவதையும் இறங்குவதையும் அது நாள் முழுக்க அவன் போனுக்குச் சொல்லும். அளவு மிஞ்சினால் சாச்சியின் போனும் சேர்ந்து அலறும். இடுப்பில் இருந்த சின்னக் கருவி இன்சுலினைத் தானாகவே உள்ளே அனுப்பும்.

இரண்டு பேரும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொள்வார்கள். முஸ்பிறா பக்கத்துக் கட்டிலில் கிடந்து கேட்பாள்.

"ராத்தா, எனக்கு இப்ப ஆறு புள்ளி ரெண்டு. உனக்கு?" என்பான் அஸ்பாக்.

"பதினெட்டால பெருக்கினா எங்கட கணக்குல நூத்திப் பதினொண்டு சொச்சம். நல்ல புள்ள. எனக்கு எத்தினயோ. குத்திப் பாக்குற ஸ்ட்ரிப் முடிஞ்சி."

"எப்பக் கேட்டாலும் முடிஞ்சி. பின்ன எப்பிடி ஊசி போடுற? கண்ண மூடிக்கிட்டா?"

"கண்ணத் திறந்தாலும் ஒண்டுதான். எனக்குத்தான் தெரியுதில்லையே."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உண்மை. போன வருடம் கிளினிக்கில் கண்ணுக்குள் பார்த்தார்கள். இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருந்தன. ஒளி பாய்ச்சிச் சுட வேண்டும் என்று திகதி தந்தார்கள். அந்தத் திகதி இரண்டு தடவை பின்னுக்குப் போனது. சிறுநீரில் புரதம் போகிறது என்றும் சொன்னார்கள். வளர்த்தியும் நின்றுவிட்டிருந்தது. வயிற்றில் நோகாத இடங்கள் எவை என்று அவளுக்குத் தெரியும்; ஊசியை எப்போதும் அங்கேயே போட்டாள். அந்த இடங்கள் தடித்துக் கட்டிகளாகியிருந்தன. அஸ்பாக்கிற்கு ஒவ்வொரு வருடமும் கண்ணைப் படம் எடுத்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் பாடசாலை அணியில் பந்து விளையாடினான்.

முஸ்பிறாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை றிஸ்கான். நற்பிட்டிமுனைக்காரர். நிக்காஹ்வுக்குப் பிறகு அவர் இந்த வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். வீடு முஸ்பிறாவின் பெயருக்கு எழுதியாகிவிட்டது. உம்மாவும் வாப்பாவும் றிஸ்லாவும் பின்வளவில் கட்டிய இரண்டறைக்குப் போவார்கள். ப்ரிட்ஜ் முன்வீட்டில் நிற்கும்.

"அப்ப என்ட மருந்த எடுக்க மச்சான்கிட்ட அனுமதி கேக்கணுமா?" என்று றிஸ்லா கேட்டாள்.

"ஓம். விண்ணப்பம் எழுது," என்றாள் முஸ்பிறா.

"மதிப்புக்குரிய மச்சான், உங்கட தயிர்ச் சட்டிக்குப் பக்கத்துல என்ட போத்தல் ரெண்டுக்கும் கொஞ்சம் இடம் தந்துதவவும். இப்படிக்கு, இதுநாள் வரைக்கும் ஒளிச்சி வெச்சிரிந்த மச்சினிச்சி."

"வாயக் குறை," என்றாள் உம்மா. "கலியாணம் முடியட்டும். மறுகா மெல்லமாச் சொல்லுவம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். மகன் வாழப்போகிற வீட்டை மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்ப்பது வழமை. றிஸ்கானின் உம்மா றபீக்காவும் அவருடைய ஆட்களும் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் பார்த்தார்கள். ஒரு பெண் குசினிக்குப் போய் ப்ரிட்ஜைத் திறந்தாள்.

"குளிர் நல்லா வருது. எத்தின வருசம் இது?"

"அத மூடுகா," என்றார் றபீக்கா. "நாம வீடு பாக்க வந்தமா, ப்ரிட்ஜ் வாங்க வந்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளறையிலிருந்து றிஸ்லா சிரித்ததும் கேட்டது. ப்ரிட்ஜ் கதவில் மருந்துப் போத்தல்கள் இருக்கிற இடத்தில் அன்றைக்கு ஊறுகாய்ப் போத்தல் இருந்தது. முஸ்பிறா அதைக் கண்டாள். அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மருந்து எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வந்தவர்கள் மாலை மஃரிபு வரைக்கும் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு உம்மாதான் மருந்துப் போத்தலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு றிஸ்லாவிடம் வந்தாள். றிஸ்லா வாங்கி, கைகளுக்கிடையில் வைத்து உருட்டி, ஊசியில் இழுத்துப் போட்டாள்.

"என்ன இது, இண்டைக்கு இப்பிடிக் குளிருது," என்றாள்.

"ப்ரிட்ஜுல இரிந்தது குளிராம சுடுமா?" என்றாள் உம்மா.

*

சனிக்கிழமை றிஸ்லா தண்ணீர்ச் சாடியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சோறு வேண்டாம் என்றாள். திங்கட்கிழமை சத்தி எடுத்தாள். கலியாண வீட்டு அலுவல்களில் எல்லாரும் ஓடித் திரிந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மூச்சு வாங்கிய சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் யதுசா பார்த்தார். முஸ்பிறாவை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். காரைதீவு ஆள். வாப்பா அவருடைய மேசையில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், பிள்ளைக்குச் சீனி என்று சொன்னார். விரலில் குத்திப் பார்த்த கருவி எண் காட்டவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் எழுத்தில் காட்டியது. றிஸ்லாவின் மூச்சில் அழுகிய பழ வாடை வந்தது. இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்பது முஸ்பிறாவுக்கு விளங்கியது. அவள் படித்த பாடம் அது.

"கடைசியா எப்ப ஊசி போட்டது?" என்று டொக்டர் கேட்டார்.

"இண்டைக்கி… காலைல," என்றாள் றிஸ்லா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு இழுத்தாள். "ரெண்டு நேரமும் போட்டன்."

சேலைன் ஏற்றிக்கொண்டிருந்த தாதி தலையை ஆட்டினார். "இந்த வயசுல எல்லாரும் இப்பிடித்தான் சொல்றவங்க. அலுத்துப்போய் வுட்டுடுவாங்க. போட்டிருந்தா இப்பிடி ஏறாது." கோபத்தில் சொல்லவில்லை. பல பிள்ளைகளைப் பார்த்தவர் சொல்வது போலச் சொன்னார்.

வாப்பா கட்டிலுக்கு மேல் குனிந்தார். "மகள், வாப்பாக்கு மெய்யச் சொல்லு. போடாம வுட்டியா?"

"போட்டன் வாப்பா."

"ஏசமாட்டன். மெய்யச் சொல்லு. டொக்டருக்கு மருந்து குடுக்க லேசா இரிக்கும்."

"போட்டன்."

"எனக்கிட்ட பொய் சொல்லாத, மகள்."

றிஸ்லா அவரைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வாப்பாவோடு அவள் கதைக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு யாரோடும் கதைக்கவில்லை. கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது.

மூளை வீங்கத் தொடங்கினால் இங்கே வைத்துப் பார்ப்பது கஷ்டம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அவரே போன் எடுத்தார். ஒன்றிலும் கட்டில் இல்லை. ஒரு இடத்தில் பின்னேரம் சொல்வதாகச் சொன்னார்கள். தெரிந்த ஒருவரை நேரில் போய்ப் பிடிப்பதாகச் சொல்லி வாப்பா புறப்பட்டார்.

உடுப்பு எடுக்க முஸ்பிறா வீட்டுக்கு வந்தாள். றிஸ்லாவின் போன் மேசையில் கிடந்து அதிர்ந்தது. அஸ்பாக்கின் குரல்கள் வரிசையாக வந்து நின்றன. முஸ்பிறா திங்கட்கிழமையிலிருந்து கேட்டாள்.

"அஸ்பாக், தண்ணித் தாகம் அடங்குதில்லடா," றிஸ்லா சொல்லியிருந்தாள். "ஊசி போட்டுத்தான் இரிக்கன். நேத்து ரெண்டு யூனிட் கூட்டியும் போட்டன். ஒண்டும் இறங்குற மாதிரி இல்ல."

"செக் பண்ணிப் பாரு."

"என்னத்தால? நக்கிப் பாத்தா?"

"பகிடி வுடாத. போத்தல மாத்து. சந்தேகமெண்டா புதுசத் திறக்கச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்த."

"மத்தப் போத்தலயும் திறந்திட்டன். அதுவும் இப்பிடித்தான். வியாழக்கிழம கிளினிக். அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இரிப்பன்."

"வியாழக்கிழமையா? ராத்தா, இப்பவே போ. எனக்கு இன்சுலின் வாற குழாய் மடங்கின அண்டைக்கி ஆறு மணித்தியாலத்துல ஆம்புலன்ஸ் வந்திட்டு. மற்ற நாள் காலைல பாண் தின்டுக்கிட்டு இரிந்தன். படம் அனுப்பினனே. மறந்திட்டியா?"

அதற்கு றிஸ்லா பதில் அனுப்பவில்லை.

முஸ்பிறா ப்ரிட்ஜைத் திறந்து இரண்டு போத்தல்களையும் எடுத்தாள். கதவுக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். உருட்டினால் பால் போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்து. திரைந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. கண்ணாடியிலும் ஒட்டியிருந்தன. நெடுநேரம் உருட்டினாள். கரையவில்லை. மற்றப் போத்தலும் அப்படித்தான். றிஸ்லாவின் கண்ணுக்கு இது தெரிந்திருக்காது.

இன்சுலின் ஒரு புரதம். உறைந்து உருகினால் கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது. ப்ரிட்ஜ் கதவில் எந்த மருந்தும் உறையாது. மேலே, ஐஸ் பெட்டியில்தான் உறையும்.

அவள் போத்தல்களைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டினாள்.

டொக்டர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது ஐஸாகி உருகினது. இதப் போடுறதும் தண்ணியப் போடுறதும் ஒண்டுதான்." போத்தலைக் கீழே வைத்தார். "அப்ப தங்கச்சி சொன்னது மெய்தான். பாவம். உங்கட அப்பாட்டச் சொல்லுங்க."

உம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"குளிர்லதானே வைக்கச் சொன்ன?" என்று கேட்டாள்.

"குளிர்லதான் அம்மா. ஐஸ்ல இல்ல. கிளினிக்ல சொல்லித் தந்திருப்பாங்களே."

"புள்ளைக்குச் சொல்லியிரிப்பாங்க. நான் வெளிய வாங்குல இரிப்பன்."

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். உம்மா முஸ்பிறாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய விரல்கள் சில்லென்று இருந்தன.

"ப்ரிட்ஜத் திறந்து பாப்பாங்க எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "இறைச்சிப் பார்சலுக்குக் கீழ வெச்சன். குளிர் கூடினா நல்லது எண்டுதான் நினைச்சன். கல்லு மாதிரி இரிந்த. தண்ணிக்குள்ள போட்டு இளக்கி எடுத்தன்."

உம்மா வாசல் பக்கம் பார்த்தாள்.

"வாப்பாட்ட நீ சொல்லாத. நான் சொல்றன். இவ கண் முழிக்கட்டும்."

முஸ்பிறா தலையாட்டினாள். வாப்பா மஃரிபுக்குப் பிறகு வெறுங்கையோடு வந்தார். றிஸ்லா கண் விழிக்கவில்லை.

*

றபீக்கா புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தார். உம்மாவைக் கட்டிப் பிடித்தார். பிறகு அபாயாவின் கையை மேலே சுருட்டிக்கொண்டு, தண்ணீர் எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டார்.

"எங்கட ஊர்ல பொம்புளயள் மையித்த நான்தான் குளிப்பாட்டுற," என்றார். "இது நம்மட புள்ள. வேற ஆள் எதுக்கு?"

உம்மா வாயைத் திறந்தாள். மறுக்க வந்தவள் பின்வளவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

பின்வளவில், புது அறைகளின் சுவரோரம், நாலு பக்கமும் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். பலகையில் றிஸ்லாவைக் கிடத்தி மேலே துணி போட்டார்கள். உள்ளே றபீக்கா, உம்மா, முஸ்பிறா. தண்ணீரை வாப்பா கொண்டுவந்தார். வேறு யாரையும் தூக்க விடவில்லை. வாளியைப் போர்வைக்கு வெளியே வைப்பார். முஸ்பிறா கையை நீட்டி உள்ளே இழுப்பாள். இலந்தை இலை போட்ட தண்ணீர் பச்சையாக மணத்தது.

"பிஸ்மில்லாஹ். கையத் தாங்க மகள்," என்று றபீக்கா றிஸ்லாவிடம் சொன்னார். "ஆ, அப்பிடித்தான். நல்ல புள்ள. நோகுமா? நோகாது."

அவர் தோளை மெல்ல உயர்த்தி, துணிக்கு உள்ளே கையை விட்டு, வயிற்றை இதமாக அமர்த்தினார். கை நின்றது. கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி அமர்த்தினார். பிறகு அடுத்த பக்கம். உம்மா தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

றபீக்கா றிஸ்லாவின் வலது கையை எடுத்தார். விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள்.

"சீனியா?" என்று கேட்டார். மிகவும் மெதுவாக.

உம்மா கோப்பையை வாளிக்குள் அமிழ்த்தினாள்.

"என்ட ராத்தாட வயிறும் கடைசில இப்பிடித்தான் இரிந்த," என்றார். "அவக்கு அறுவது வயசு. இது பச்சப் புள்ள." துணியைச் சரி செய்தார். கொஞ்ச நேரம் தண்ணீர் ஊற்றினார். பிறகு உம்மாவின் பக்கம் குனிந்தார். "மதினி, இஞ்ச பாருங்க. மையித்துல கண்டத குளிப்பாட்டுறவ வெளிய சொல்லப்படாது. அது நம்பித் தந்த அமானத்து. என்ட மகனுக்கும் சொல்லமாட்டன். ஆருக்கும் சொல்லமாட்டன். நீங்க அத நினைச்சிப் பயப்படாதீங்க."

அவர் அதை மனமாரச் சொன்னார். முகத்தில் ஒரு பழியும் இல்லை.

உம்மாவின் தோள்கள் இறங்கின. முஸ்பிறா அதைக் கண்டாள். இனி யாருக்கும் தெரிய வராது. கலியாணம் ஒரு மாதம் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான். காய்ச்சல் என்று ஊர் சொல்லும். றிஸ்லாவை அடக்கிவிடுவார்கள். வாப்பா மட்டும் அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு தொழுகையிலும் நிற்பார்.

போர்வைக்கு வெளியே வாளி தரையில் பட்ட சத்தம் கேட்டது.

"தண்ணி காணுமா?" என்றார் வாப்பா.

"இன்னொரு வாளி வேணும்," என்றார் றபீக்கா.

செருப்புச் சத்தம் போகவில்லை. வாப்பா அங்கேயே நின்றார். போர்வையின் கீழ் அவருடைய கால்கள் தெரிந்தன. நனைந்த சாரன் கணுக்காலில் ஒட்டியிருந்தது.

"முஸ்பிறா," என்றார்.

"என்ன வாப்பா?"

"தங்கச்சிட முகம் எப்பிடி இரிக்கி?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். நல்ல மௌத்து என்றால் முகத்தில் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் றிஸ்லாவின் முகத்தைப் பார்த்தாள். ஈரமான, சின்ன முகம். தூக்கத்தில் இருக்கிற முகம்.

"நல்லா இரிக்கி வாப்பா."

"மெய்யா?"

"மெய்தான். வெளிச்சமா இரிக்கி."

அவர் நம்பவில்லை. "எனக்காகச் சொல்லாத மகள்," என்றார். குரல் உடைந்தது. "தன்ன அவ என்ன செஞ்சிக்கிட்டா எண்டு எனக்குத் தெரியும். நான் துஆ கேட்டாலும் ஏத்துக்கொள்ளப்படுமா எண்டுதான் எனக்குத் தெரியா."

றபீக்காவின் கை நின்றது. அவர் முஸ்பிறாவைப் பார்த்தார்.

சொல்வதில்லை என்று முஸ்பிறா வாக்குக் கொடுத்தது உம்மாவுக்கு. றிஸ்லா கண் விழிக்கும் வரைக்கும் என்று கொடுத்த வாக்கு. அவள் உம்மாவைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவாள் என்பது அந்தப் பார்வையில் இருந்திருக்க வேண்டும்.

உம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். றிஸ்லாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்துப் போட்டாள்.

"மதினி, வேணா," என்றார் றபீக்கா. "பொறகு கதைச்சிக்கலாம். வெளிய ஆக்கள் நிக்காங்க."

"நிக்கட்டும்," என்றாள் உம்மா.

அவள் எழுந்து நின்றாள். போர்வையை விலக்கவில்லை. அதற்குப் பின்னால் வாப்பா நிற்கிற இடத்தைப் பார்த்து, ஒழுங்கை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவ ஊசி போட்டவ. ஒம்பது வயசுலருந்து என்ட புள்ளைக்குச் சீனி. ஒரு நேரமும் வுடாமப் போட்டவ. வெள்ளிக்கிழம வீடு பாக்க வந்தவங்கட கண்ணுல படப்படாதெண்டு நான்தான் மருந்த எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ள ஒளிச்சி வெச்சன். அது பழுதாப் போயிட்டு. பழுதாப் போன மருந்தத்தான் நாலு நாளும் அவ போட்டவ; என்ட கையாலதான் எடுத்துக் குடுத்தன். அவ தனக்கு ஒண்டும் செய்யல்ல. உங்களுக்குப் பொய்யும் சொல்லல்ல."